மஞ்சளாய்ப் பூத்ததெல்லாம் கரிசாலை ஆகுமா?

போன கார்த்திகையில், நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு வாரத்தில், காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு நர்சரியில் 'மஞ்சள் கரிசலாங்கண்ணி' (சுருக்கமாகக் கரிசாலை, மூலிகைச் செடி) என்று எழுதி வைத்திருந்த செடியை நாற்பது ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். பளபளவென்று இலை, நடுவில் காசு மாதிரி மஞ்சள் பூ. பெருமையாகக் கொண்டுவந்து முகப்பில் உட்கார்ந்திருந்த ஆயாவிடம் காட்டினேன். ஆயா பூவைப் பார்க்கவே இல்லை. ஒரு இலையைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குக் காது இருக்கேப்பா. கரிசாலைக்கு ஏது காது?" என்றார்.

"பூ மஞ்சளாத்தானே இருக்கு ஆயா?"

"ஆவாரம்பூவும்தான் மஞ்சளா இருக்கு."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு ஆரம்பித்த குடைச்சல்தான் இந்தக் கட்டுரை. வாட்ஸ்அப்பில் வரும் மூலிகைக் குறிப்புகளைப் பாருங்கள், மஞ்சள் கரிசாலை என்ற பெயரில் குறைந்தது மூன்று வேறு செடிகளின் படம் சுற்றிக்கொண்டிருக்கும். எல்லாம் மஞ்சள், எல்லாம் தரையோடு படர்வது, எல்லாம் 'குட்டிச் சூரியகாந்தி' மாதிரி இருப்பது. படம் போடுகிறவர்கள் பொய் சொல்லவில்லை, பார்க்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

பூ என்று நினைப்பது ஒரு வீடு

முதலில் நெருஞ்சியை எடுத்துக்கொள்வோம். நம் செம்மண் காட்டில் மழைக்கு அப்புறம் அதுவும் மஞ்சளாகத்தான் பூத்துக் கிடக்கும். ஐந்து இதழ், நடுவில் மகரந்தம், ஒரு சூலகம். ஒரு பூ என்றால் ஒரே பூ. கணக்கு நேராக முடிந்துவிடும்.

கரிசாலை சேர்ந்த சூரியகாந்திக் குடும்பத்தின் கணக்கு அப்படி இல்லை. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைத் தெருவிலிருந்து பாருங்கள். ஒரு வாசல், ஒரு முகப்பு, ஒரே வீடு. உள்ளே போய் வளவில், அதாவது உள்முற்றத்தில், நின்று சுற்றிப் பார்த்தால்தான் தெரியும், இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, வேறு வைத்துவிட்டால், அதாவது தனிக்குடித்தனம் ஆகிவிட்டால், சமையலும் தனி. தெருவுக்கு ஒரு வீடு, கணக்குக்கு ஏழெட்டுப் புள்ளி, அதாவது ஏழெட்டுக் குடும்பம். நாம் 'ஒரு மஞ்சள் பூ' என்று பறிப்பதும் இப்படி ஒரு கூட்டு வீடுதான். அதற்குள் முப்பது, நாற்பது குட்டிப் பூக்கள் நெருக்கி உட்கார்ந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் தனித்தனியாக விதை வைக்கும்.

இந்தக் கூட்டு அமைப்புக்குத் தாவரவியலில் சிரமஞ்சரி என்று பெயர். சிரம் என்றால் தலை. லத்தீனில் அவர்கள் வைத்த பெயருக்கும் 'சிறு தலை' என்றுதான் பொருள். இதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. சித்த மருத்துவத்தில் மஞ்சள் கரிசாலைக்குப் பொற்றலைக் கையாந்தகரை என்று பெயர், அதாவது பொன் தலை. பள்ளிக்கூடம் போகும் வழியில் "தாத்தா தாத்தா தலையைக் கொடு" என்று கட்டைவிரலால் சுண்டி விளையாடினோமே, அதுவும் இதே குடும்பத்துச் செடிதான். யாரும் அதைப் பூ என்று சொல்லிச் சுண்டவில்லை, தலை என்றுதான் சொன்னோம்.

ஒரு தலையைப் பிரித்துப் பார்த்தேன்

நர்சரிச் செடியிலிருந்து ஒரு தலையைப் பறித்து, ஆத்தங்குடிக் கல் தரையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, ஊக்கால் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தேன். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நீங்களும் செய்யலாம், பத்து நிமிட வேலை.

வெளியே பச்சையாக, இலை மாதிரியே ஐந்தாறு செதில்கள் சுற்றி நிற்கின்றன. இவை பூவடிச் செதில்கள், வீட்டுக்குச் சுற்றுச்சுவர் மாதிரி. மொட்டாக இருக்கும்போது உள்ளே இருப்பதையெல்லாம் மூடிக் காப்பது இதன் வேலை. அதற்கு உள்ளே 'இதழ்கள்'. ஒன்றை மெதுவாக இழுத்தேன். அடியோடு வந்தது. அந்த அடியில் இரண்டாகப் பிரிந்த ஒரு சின்ன நாக்கு எட்டிப் பார்த்தது, அதற்கும் கீழே விதையாகப் போகும் சிறு பை. அப்படியென்றால் நான் இழுத்தது இதழ் இல்லை, முழுசாக ஒரு பெண் பூ! ஒரு பக்கமாக நீண்டு மஞ்சள் பட்டையாக விரிந்துவிட்ட பூ. இதைக் கதிர் மலர் என்பார்கள், சூரியனைச் சுற்றிக் கதிர் வரைவோமே, அந்த மாதிரி ஓரத்தில் நிற்பதால்.

நடுவில் திட்டாக இருப்பவை வட்டத்தட்டு மலர்கள். குழாய் வடிவம், வாயில் ஐந்து சின்னப் பல். இவற்றில் ஆண் பாகமும் உண்டு, பெண் பாகமும் உண்டு. வேலை நடக்கும் விதம்தான் ரசிக்கத்தக்கது. மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு குழலாக நிற்க, மகரந்தம் அந்தக் குழலுக்கு உள்பக்கமாகக் கொட்டுகிறது, அடியிலிருந்து சூல்தண்டு மெல்ல வளர்ந்து அதை மேலே தள்ளிக்கொண்டு வருகிறது. தேன்குழல் கட்டையில் மாவைப் போட்டு மேலே இருந்து அழுத்துவதைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். மகரந்தம் எல்லாம் வெளியே தள்ளப்பட்ட பிறகுதான் தண்டின் நுனி இரண்டாக விரிந்து, வேறு பூவிலிருந்து வரும் மகரந்தத்தை வாங்கிக்கொள்ளத் தயாராகும். முதலில் கொடுப்பது, அப்புறம் வாங்குவது. இதுவும் ஓரத்திலிருந்து உள்நோக்கி வட்டம் வட்டமாக நடப்பதால் ஒரு தலை பல நாள் பூத்திருக்கும்.

ஆக, ஒரு தலை என்பது பல பூ. ஓரத்தில் கதிர் மலர், நடுவில் வட்டத்தட்டு மலர், வெளியே பூவடிச் செதில். இந்த மூன்று சொல் போதும், இந்தக் கட்டுரையைத் தாண்டிவிடலாம்.

ஏன் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன?

இந்தக் குடும்பம் சின்னக் குடும்பம் இல்லை. உலகம் முழுக்க 25,000 வகைக்கு மேல் இருக்கிறது, ஆர்கிட் குடும்பம் ஒன்றுதான் இதற்குப் போட்டி. சாமந்தி, செவ்வந்தி, துலுக்கச் சாமந்தி, ஜீனியா எல்லாம் இதில்தான். அவற்றில் ஏராளமானவை மஞ்சள். அமெரிக்காவில் தாவரவியல் படித்தவர்கள் இவற்றைப் பிரித்தறிய முடியாமல் சலித்துப்போய் 'பாழாய்ப்போன மஞ்சள் பூக்கள்' என்று செல்லமாகத் திட்டுவார்கள். அதனால் நமக்குக் குழப்பம் வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முகப்பு எதற்கு? வருகிறவர்களைக் கவர. கதிர் மலர்களின் முக்கிய வேலையும் அதுதான், பூச்சியைக் கூப்பிடுவது. சூரியகாந்தியில் அவை விதைகூட வைக்காது, வெறும் விளம்பரப் பலகை. ஒரே மாதிரி விருந்தாளிக்கு ஒரே மாதிரி முகப்பு போதும் என்பதால் எங்கோ தூரத்து உறவுச் செடிகள்கூட ஒரே தோற்றத்தில் வந்து நிற்கின்றன. போதாததற்கு, நமக்கு ஒரே மஞ்சளாகத் தெரிவது தேனீக்கு அப்படித் தெரியாது. சூரியகாந்தி உட்படப் பல மஞ்சள் தலைகளில் புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் வளையம் உண்டு, தேனீயின் கண்ணுக்கு அது தெரியும், நம் கண்ணுக்கு இல்லை.

முகப்பை வைத்து வீட்டுக்காரரைக் கண்டுபிடிக்க முடியாது என்பது இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

விலாசம் மாறிய செடி

இப்போது பெயர் விஷயம். ஒரு செடியின் அறிவியல் பெயரில் இரண்டு சொல் இருக்கும். முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினத்தைக் காட்டும். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் முதலாவது விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் போடும் இனிஷியல். இரண்டாவது அந்த ஆளின் சொந்தப் பெயர். ஒரே விலாசம் என்றால் பங்காளி வீடு என்று புரிந்துகொள்ளலாம். சிற்றினம் என்பதற்குக் கச்சிதமான இலக்கணம் கேட்டால் அறிஞர்களே சண்டை போடுவார்கள், நமக்கு இது போதும்: தங்களுக்குள் இனம் பெருக்கிக்கொண்டு, ஒரே கூட்டான அடையாளங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காட்டிவரும் கூட்டம்.

பிள்ளை கூட்டிக்கொண்டால், அதாவது தத்து எடுத்துக்கொண்டால், என்ன ஆகும்? பையனுக்கு இனிஷியல் மாறும். ஆள் அதே ஆள். மஞ்சள் கரிசாலைக்கும் இதுதான் நடந்தது. 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அதை வெர்பெசினா கலெண்டுலேசியா என்று எழுதினார். அப்புறம் அது வெடேலியா வீட்டுக்குப் போனது. 1996இல் ஸ்பாக்னெட்டிகோலா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். கலெண்டுலேசியா என்ற சொந்தப் பெயர் மட்டும் கூடவே வந்தது. நடுவில் வெடேலியா சைனென்சிஸ் என்றும் ஒரு பெயர் ஓடியது. பழைய மூலிகைப் புத்தகங்களில் இந்த வெடேலியா பெயர்களைப் பார்க்கலாம். ஒரே செடிக்கு நான்கு பெயர் பார்த்துவிட்டு நான்கு செடி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

என் தொட்டிச் செடியும் அதே வீட்டுக்குத்தான் போயிருக்கிறது. ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. டிரைலோபேட்டா என்றால் மூன்று மடல் கொண்டது என்று பொருள். ஆயா சொன்ன காதுதான்! மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள், தென் அமெரிக்காவின் வெப்பமண்டலப் பகுதி, இவை அதன் பூர்வீகம். கரிசாலையோ நம் நாடு, இலங்கை, சீனா, தென்கிழக்கு ஆசியா என்று இந்தப் பக்கத்துச் செடி. கடல் தாண்டிய பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காதுள்ளதும் காதில்லாததும்

சரி, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எப்படிப் பிரிப்பது? பூவைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். கதிர் மலர் எத்தனை என்று எண்ணிப் பயனில்லை, இரண்டிலும் சுமார் எட்டு, பத்து என்று வரும், ஒரே செடியிலேயே தலைக்குத் தலை மாறும். நீண்ட காம்பில் ஒற்றைத் தலையாகப் பூப்பதும் இரண்டுக்கும் பொது. இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருப்பதும் பொது. (கணு என்றால் தண்டில் இலை முளைக்கும் முடிச்சு.)

இலையைக் கையில் எடுங்கள். உண்மையான கரிசாலை இலை ஒடுக்கமானது, நீண்டது, இரு முனையும் குறுகி வரும், பெரும்பாலும் ஒரு விரல் அகலத்துக்கு மேல் போகாது. ஓரம் நேராக இருக்கும் அல்லது அங்கங்கே ஒன்றிரண்டு மங்கலான பல். தடவினால் சொரசொரவென்று இருக்கும், பளபளப்பு கிடையாது. டிரைலோபேட்டா இலை அகலம், கொஞ்சம் தடிமன், மேலே எண்ணெய் தடவியது போல மினுமினுப்பு, ஓரத்தில் தெளிவான பற்கள், நடுவுக்கு மேலே இரண்டு பக்கமும் ஒவ்வொரு மடல் பிதுங்கி நிற்கும். பூவின் மஞ்சளும் இதில் கொஞ்சம் அடர்த்தி, ஆனால் அதை நம்பி முடிவு எடுக்கக் கூடாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நானே விழுந்தேன். டிரைலோபேட்டாவில் எல்லா இலைக்கும் காது இருக்காது. நுனியில் இருக்கும் சின்ன இலைகளில் சில மொழுக்கென்று இருக்கும். அதில் ஒன்றை மட்டும் கிள்ளிக்கொண்டு போய் ஆயாவிடம் காட்டி, "பாருங்க, காது இல்லை" என்று வாதாடினேன். ஆயா எழுந்து வந்து செடியையே தூக்கிக் காட்டச் சொன்னார். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருத்தர் உயரம், ஒருத்தர் குட்டை என்று இருப்பதில்லையா? அதே போல ஒரே சிற்றினத்துக்குள்ளும் வேறுபாடு உண்டு. நிழலில் வளர்ந்தால் இலை பெரிதாகும், காய்ந்த இடத்தில் சுருங்கும். ஓர் இலை சாட்சி சொல்லாது. நடுத்தண்டில் முற்றிய இலைகளாக ஐந்தாறு பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

இன்னொரு சிக்கலும் சொல்லிவிடுகிறேன். தெற்குச் சீனாவில் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வளரும் இடங்களில் கலப்பினச் செடிகள் முளைத்திருப்பதாகப் பதிவு இருக்கிறது. கலப்பினம் என்றால் இரண்டு சிற்றினங்கள் சேர்ந்து உண்டாவது. அப்பா ஜாடையும் அம்மா ஜாடையும் கலந்து இருக்கும், இலையை வைத்துச் சொல்வதும் அங்கே கஷ்டம்தான். இயற்கை நம் வசதிக்காகக் கோடு போட்டு வைக்கவில்லை.

சுருக்கமாக: ஒடுக்கமாக, சொரசொரப்பாக, காது இல்லாமல் என்றால் கரிசாலை. அகலமாக, மினுமினுப்பாக, பெரும்பாலான இலைகளில் காதோடு என்றால் வெளிநாட்டுப் பங்காளி. பல இலைகளைப் பார்த்த பிறகு.

வழியில் எதிர்ப்படும் மற்றவை

தாத்தாப் பூ, அதாவது வெட்டுக்காயப் பூண்டு, டிரைடாக்ஸ் புரோகும்பென்ஸ். இதுவும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து நம் தெருவோரத்தையெல்லாம் வளைத்துக்கொண்டதுதான். கதிர் மலர் ஐந்தாறுதான், வெளிறிய மஞ்சள், கிட்டத்தட்ட மோர் நிறம். காம்பு ஒரு சாணுக்கு மேல் நீண்டு தனியாக நிற்கும். சந்தேகம் வந்தால் காய்ந்த தலையை ஊதுங்கள்: ஒவ்வொரு விதைக்கும் இறகு மாதிரி ஒரு தூவி இருக்கும், பறந்துபோகும். ஸ்பாக்னெட்டிகோலா இரண்டிலும் பறக்கும் தூவி கிடையாது. விதையைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வயல் வரப்பில், நட்டமாக, மெலிசாக வளர்ந்து, ஊசி மாதிரி நிறையக் கதிர் மலரோடு ஒரு மஞ்சள் செடி நிற்கும், விகோவா இண்டிகா. அதன் இலைகள் எதிரெதிரே வராது, ஒன்று விட்டு ஒன்று மாறி மாறி வரும், அடிப்பக்கம் தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும். இலை அமைவைப் பார்த்ததும் இதைத் தள்ளிவிடலாம். கதிர் மலரே இல்லாமல் வெறும் மஞ்சள் குமிழாக இருந்து, கடித்தால் நாக்கு விறுவிறுத்தால் அது பல்வலிப் பூண்டு. தொண்டிப் பக்கம் கடலோரம் போனால் மஞ்சள் தலையோடு புதர் மாதிரி ஏறிப் படரும் வேறொன்றும் உண்டு, அது முன்பு வெடேலியா பைஃபுளோரா என்று அழைக்கப்பட்டது. அகல இலை, நல்ல நீளக் காம்பு. அதையும் கரிசாலை என்று பறித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளைக் கரிசாலை இதற்கு என்ன உறவு?

நிறையப் பேர் நினைப்பது: வெள்ளைச் செம்பருத்தி, சிவப்புச் செம்பருத்தி மாதிரி, ஒரே கரிசலாங்கண்ணியில் வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று. கிடையாது. வெள்ளைக் கரிசலாங்கண்ணி எக்லிப்டா புரோஸ்ட்ரேட்டா, விலாசமே வேறு. கண்மாய்க் கரையில் ஈரத்தில் முளைக்கும், தண்டைக் கிள்ளிக் கசக்கினால் சற்று நேரத்தில் விரல் கறுத்துப்போகும். எண்ணெய் காய்ச்ச எடுப்பது பெரும்பாலும் அதைத்தான்.

ஆனால் நம் முன்னோர் இரண்டையும் ஒரே பெயரில் கட்டியது வெறும் தோற்றத்தால் என்று தள்ளிவிட முடியாது. மஞ்சள் கரிசாலையில் இருந்த ஒரு வேதிப்பொருளின் அமைப்பைச் சென்னையில் வேதியியலாளர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் உடன் வேலை செய்தவர்களும் கண்டறிந்து 1956இல் வெளியிட்டார்கள். வெடேலியா என்ற அன்றைய பெயரை வைத்தே அதற்கு வெடலோலாக்டோன் என்று பெயர். அதே பொருள் வெள்ளைக் கரிசாலையிலும் இருக்கிறது. பெயர் வைத்தவர்கள் என்னவோ கவனித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

வள்ளலார் (1823–1874) கரிசாலையை உயர்வாகச் சொன்னதால் அதைக் கீரையாகச் சமைப்பவர்கள் இன்றும் உண்டு. அதில்தான் எனக்குப் பயம். ஏட்டில் சொல்லியிருக்கும் குணம் அந்தச் செடிக்கு. அலங்காரத்துக்கு வந்த டிரைலோபேட்டாவுக்கு அந்த ஏடு அப்படிச் சொல்லவில்லை. ஹோட்டல் தோட்டத்தில் பாய் விரித்த மாதிரி கிடப்பதைக் கிள்ளிப் பருப்பில் போடாதீர்கள். மருந்துக்கு என்றால் செடியைத் தெரிந்த சித்த மருத்துவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

தொட்டியில் இருந்தது என்ன ஆயிற்று

உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் அயல் உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தைச் சேர்ந்த வல்லுநர் குழு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஊடுருவும் அயல் உயிரினம் என்றால் வேறு இடத்திலிருந்து வந்து, பரவி, இருக்கிற செடிகொடியை நெருக்கித் தள்ளுவது. டிரைலோபேட்டா அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு விதைகூட அவ்வளவு தேவைப்படாது, தண்டு தரையைத் தொடும் கணு ஒவ்வொன்றிலும் வேர் விடும், ஒரு துண்டு ஒடிந்து ஈரத்தில் விழுந்தால் அது ஒரு செடி.

இதைப் படித்தபோது எனக்கு வீட்டுக்கு எதிரே இருக்கும் ஊருணி ஞாபகம் வந்தது. செடியைத் தொட்டியிலிருந்து பிடுங்கி, ஒரு சாக்கில் திணித்து, வாயைக் கட்டிக் கொல்லைத் தாழ்வாரத்தில் போட்டேன். காய்ந்ததும் எரித்துவிடலாம் என்று கணக்கு. இரண்டு நாள் மழை வந்தது, சாக்கை மறந்தேபோனேன். பத்து நாள் கழித்து ஆயா கூப்பிட்டார். சாக்கின் தையல் வழியாக இரண்டு காதோடு ஓர் இலை வெளியே வந்திருந்தது, அடியில் வெள்ளை வேர் செங்கல் இடுக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது.